கேலிப்பருக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் கை வேலை செய்யும், மூளை வேலை செய்யாது. இதை என் மனைவி இளமதி கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குத் தெரியப் பதினாறு வருஷம் ஆயிற்று, அதுவும் பக்கத்து வீட்டு நர்சம்மா புண்ணியத்தில். இன்றைக்கு நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து கதை பேசுகிறேன் என்றால் அது அந்த அம்மாள் போட்ட பிச்சை. கூட்டிச் சொல்வதாக நினைக்கவேண்டாம். முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என்னிடம் ஒரு பழைய குட்டி யானை வண்டி இருக்கிறது. பதினாலு வயசு. உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் நெல் மூட்டை, பந்தல் சாமான், தென்னை ஓலை, எது கிடைத்தாலும் ஏற்றுவேன். நடவு காலத்தில் ஆளும் ஏற்றுவேன். சாமான் வண்டியில் ஆள் ஏற்றக்கூடாதுதான். ஆனால் விடிகாலையில் வயலுக்குப் போகிற பெண்களுக்கு எந்த பஸ் வருகிறது? நடவு மிஷின் இறங்க முடியாத சேற்று நிலமெல்லாம் இன்னும் அவர்கள் கையை நம்பித்தான் கிடக்கிறது. எங்கள் ஊரில் சிட்டம்மாள் தலைமையில் ஒன்பது பேர் கொண்ட கூட்டம் ஒன்று உண்டு. இளமதியும் அதில் ஒருத்தி. தை மாதம், நவரை நடவு மும்முரம். சனிக்கிழமை காலை அவர்களை வாலாஜாபாத் பக்கம் ஒரு வயலுக்குக் கொண்டுபோய் விடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

புதன்கிழமையே வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. பிரேக் மிதித்தால் இடது பக்கம் இழுத்தது. இறங்கி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் தோசைக்கல் மாதிரி அனல். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற சாமானுக்குக் கேலிப்பர் என்று பேர். இடது கேலிப்பர் கவ்வின பிடியை விடவில்லை. அதைத் தள்ளி அழுத்துகிற பிஸ்டன் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது.

உத்திரமேரூரில் மெக்கானிக் வேதாசலத்திடம் கொண்டுபோனேன். பட்டறை வாசலில் ஏற்கெனவே ஆறு வண்டி நின்றது.

"திங்கக்கெயம கொண்டாப்பா," என்றார்.

"சனிக்கெயம நடவுக்கு ஆள் ஏத்தணும்ணே."

"அதுக்கு நான் இன்னா பண்றது? எனக்கு இன்னா பத்து கையா கீது?"

நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு அன்றைக்கு நியாயம் ஏறவில்லை. "நாலு போல்ட்ட கயட்டி மாட்டறதுக்கு இவ்ளோ பந்தாவா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். காஞ்சிபுரம் போய் இரண்டு பக்கத்துக்கும் புது ரப்பர், வாஷர், ஒரு டின் பிரேக் ஆயில் வாங்கிவந்தேன். மற்றதெல்லாம் போனில் வீடியோ பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று திட்டம்.

வியாழக்கிழமை முழுக்க வாசலிலேயே வேலை. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டை கொடுத்து, இரண்டு கேலிப்பரையும் கழற்றினேன். பிஸ்டனை வெளியே எடுத்துத் துரு போகத் தேய்த்தேன். புது ரப்பர் மாட்டி மறுபடி உள்ளே தள்ளினேன். அந்த வேலை சுத்தமான வேலை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இடது எது வலது எது என்று குழம்பிவிடக்கூடாதே என்று ஒரு முன்யோசனையும் செய்தேன். அதுகள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, லேசில் அடையாளம் தெரியாது. அடையாளம் போடச் சாக்பீஸ் தேடினேன், கிடைக்கவில்லை. சாமி மாடத்துக் குங்குமத்தில் ஒரு விரல் தொட்டு இடது கேலிப்பருக்கு மட்டும் பொட்டு வைத்தேன். சாக்கை விரித்து இடதை இடது பக்கம், வலதை வலது பக்கம் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டீக்கடை வரை போய்விட்டு வந்து பார்த்தால் இரண்டு கேலிப்பருக்கும் பொட்டு இருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் இளமதி நிலைவாசல், அம்மிக்கல், அரிவாள், கிரைண்டர் என்று ஒன்றையும் விடமாட்டாள். சரி, இதற்கும் வைத்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டேன். நாம்தான் இடதை இடது பக்கம் வைத்தோமே, அப்புறம் என்ன? அவள் உள்ளேதான் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம்தான் எனக்குக் கிடையாதே.

மாட்டினேன். போல்ட்டெல்லாம் சரியாக உட்கார்ந்தது. பிரேக் ஆயில் வருகிற ரப்பர் குழாய் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. புதுசாக மாட்டியிருக்கிறோம், ஓட ஓடப் படிந்துவிடும் என்று விட்டேன்.

அடுத்தது காற்று எடுக்கிற வேலை. குழாயைக் கழற்றி மாட்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். காற்று இருந்தால் பெடல் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. அதனால் ஒருத்தர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருத்தர் கீழே கேலிப்பரில் இருக்கிற சின்னத் திருகாணியைத் தளர்த்தி, காற்றையும் ஆயிலையும் வெளியே விட்டு மறுபடி மூடவேண்டும். இளமதியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். வருவது காற்றா ஆயிலா என்று பார்க்க, உள்ளே தெரிகிற மாதிரி ஒரு டியூப் தேவைப்பட்டது. என்னிடம் இல்லை. ஸ்பேனரைத் தூக்கி எறிந்து கத்தினேன். அவள் இறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். ஐந்து நிமிஷத்தில் கையில் சலைன் டியூப்போடு வந்தாள். அவளுக்குப் பின்னால் நர்சம்மாவும் வந்தார்.

நர்சம்மாவின் பேர் பிரிஸ்கில்லா. ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷ சர்வீஸ். எனக்கும் அவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. நான் வண்டி கழுவுகிற தண்ணீர் அவர் வாசலில் போய்த் தேங்குகிறது என்று ஒருநாள் சொன்னார். தன்மையாகத்தான் சொன்னார். நான்தான் "தெரு இன்னா உங்க அப்பன் வூட்டு சொத்தா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அப்பா அப்போது உள்ளே படுத்த படுக்கையாக இருந்தார். இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். நான் துக்கத்துக்குப் போய்த் தெருவோடு நின்றுவிட்டு வந்தேன். அந்தப் பெரியவருக்கு வீட்டிலேயே ட்ரிப் போட்டபோது மீந்த, பிரிக்காத டியூப்தான் இப்போது இளமதி கையில் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எதுக்கு டியூப்புன்னு கேட்டேன், வண்டிக்குன்னு சொன்னா. அதான் பாக்கலாம்னு வந்தேன்," என்று நர்சம்மா என் பக்கம் திரும்பாமல் காற்றிடம் சொன்னார்.

நான் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டேன். டியூப்பின் ஒரு நுனியைத் திருகாணியில் செருகி, மறுநுனியைத் தண்ணீர் பாட்டிலில் விட்டேன். "மிதி," என்பேன், அவள் மிதிப்பாள். திறப்பேன், ஆயில் வரும். மூடுவேன். "வுடு," என்பேன். இரண்டு பக்கமும் முப்பது நாற்பது தடவை ஆயிற்று. டின்னில் பாதி ஆயில் காலி. ஆயில் சுத்தமாகத்தான் வந்தது, ஆனால் பெடல் மட்டும் தரைவரைக்கும் போய்க்கொண்டே இருந்தது. தொடர்ந்து மூன்று தடவை மிதித்தால் மட்டும் கொஞ்சம் கெட்டிப்பட்டது. காலை எடுத்துவிட்டால் மறுபடி பழைய கதை.

"இளமதி, உங்க வூட்டுக்காரர கேளு, இது இப்பிடித்தான் இருக்கணுமா?" என்றார் நர்சம்மா.

"இளமதி, அவங்களுக்கு சொல்லு, வண்டி வேல தெரியாதவங்க சும்மா இருந்தா போதும்னு."

நடுவில் உட்கார்ந்திருந்த இளமதி இரண்டையும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும்தான் காது நன்றாகக் கேட்கிறதே.

மணி நாலு ஆயிற்று. எனக்கு முதுகு விட்டுப்போயிற்று. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "போதும். மூணு மிதி மிதிச்சா புடிக்குது. நாளைக்கு ஒரு நாள் சமாளிச்சிக்கலாம். திங்கக்கெயம வேதாசலத்தாண்ட காட்டிக்கலாம்."

இதை நான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். ஒன்பது பெண்களைப் பின்னால் நிற்கவைத்து, ஏரிக்கரை இறக்கத்தில், மூன்று தடவை மிதித்தால் பிடிக்கிற பிரேக்கோடு போக முடிவு செய்திருந்தேன். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் பெண்டாட்டி. ஆனால் அன்றைக்கு எனக்குப் பெரிசாகத் தெரிந்தது, வேதாசலத்திடம் போய் நிற்கக்கூடாது என்பது ஒன்றுதான்.

"யோவ்," என்றது ஒரு குரல். நர்சம்மா என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் பேசின முதல் வார்த்தை அதுதான். "நீ மூணு தடவ மிதிக்கற வரைக்கும் எதிர்ல வர்றவன் நின்னுக்கினு இருப்பானா?"

நான் குனிந்து ஸ்பேனரைப் பொறுக்கினேன்.

"எத்தினி பேரு ஏறுவாங்க?"

"ஒம்பது பேரு," என்றாள் இளமதி.

நர்சம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். டியூப் செருகியிருந்த இடத்தை எட்டிப் பார்த்தார்.

"காத்த எங்க இருந்து எடுக்கற?"

"இதோ, இந்த ஆணி வயியாதான்."

"அது அடியில கீது. காத்து எங்கனா அடியில போயி குந்துமா? எங்க ட்ரிப் டியூப்புல காத்து வந்துச்சின்னா சுண்டுவோம், மேல ஏறிக்கும். இருவத்தஞ்சி வருசமா பாக்கறேன், கீய எறங்கி நான் பாத்ததே இல்ல. நீ இன்னாடான்னா அடியில ஓட்டய போட்டுக்கினு காத்து வரும் வரும்னு பாத்துக்கினு கீற. அது மேல சொகமா குந்திக்கினு கீது."

நான் அப்படியே உட்கார்ந்தேன். மறுபடி குனிந்து பார்த்தேன். எழுந்து போய் வலது பக்கமும் பார்த்தேன். அங்கேயும் ஆணி அடியில்தான் இருந்தது. வீடியோவில் அந்த ஆள் மேல்பக்கம் கையை வைத்துத்தான் திருகினான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேலிப்பர் இரண்டும் பக்கம் மாறி மாட்டியிருந்தது. இடது வலதிலும் வலது இடதிலும் போனால் ஆணி தலைகீழாகத்தான் நிற்கும். நான் நாற்பது தடவை வெளியே விட்டதெல்லாம் நல்ல ஆயில். காற்று துளிகூடப் போகவில்லை.

"இளமதி, காத்தால இத எடுத்தியா?"

"ஆமா. வெள்ளிக்கெயம வாசல் பெருக்கி சாணி தெளிக்க வாணாமா? எடுத்துட்டு மறுபடி வச்சேன்."

"பொட்டு?"

"நீ ஒண்ணுக்குத்தான் வச்சிருந்த. இன்னொண்ணு மூளியா கெடந்துச்சி. வெள்ளிக்கெயம அதுவுமா ஒண்ணுக்கு வச்சி ஒண்ண மூளியா வுடுவாங்களா? அதான் நானே வச்சேன்."

எனக்கு வாய்வரை வந்தது ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் இன்னொரு வருஷம் வீட்டுக்குள்ளேயே பேச்சு இருந்திருக்காது. அதற்குள் நர்சம்மா சிரித்துவிட்டார். சாதாரணச் சிரிப்பு இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார். இளமதிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, புரிந்ததும் அவளும் ஆரம்பித்தாள். கடைசியில் நானும் சிரித்தேன். நான் பொட்டு வைத்ததை அவளிடம் சொல்லவில்லை, அவள் வைத்ததை நான் கேட்கவில்லை. இதில் அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். பக்கம் மாற்றி மாட்டினேன். குழாய் முறுக்கில்லாமல் தானாகவே ஒழுங்காக நின்றது. ஆணி மேலே வந்தது. இளமதி பெடலுக்குப் போனாள். நர்சம்மா பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு டியூப்பையே பார்த்தார். ஸ்பேனர் பிடியால் கேலிப்பரை லேசாகத் தட்டச் சொன்னார். தட்டினேன். திறந்ததும் டியூப்பில் வெள்ளை வெள்ளையாகக் குமிழி வரிசை கட்டி வந்தது.

"வருது பாரு, வருது பாரு! இன்னும் கீது. மூடாத... இப்ப மூடு."

இடது பக்கம் முடிந்ததும் "போதும்மா, வந்திடுச்சி," என்றேன்.

"இன்னொரு வாட்டி தெற. ஒரு குமிழி கூட வுட மாட்டேன். எங்க வேலையில ஒரு குமிழின்னாலே பயம்தான்."

வலது பக்கமும் அப்படியே. பெடல் மேலேயே கல் மாதிரி நின்றது. இளமதி மிதித்துப் பார்த்துவிட்டு, "எறங்கவே மாட்டேங்குது," என்று பயந்துபோய்ச் சொன்னாள். நான் ஏறி மிதித்தேன். ஒரே மிதி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைக்கிற சாக்கில் துண்டை எடுத்து மூடிக்கொண்டேன்.

நன்றி என்கிற சொல் எங்களுக்கு மேடையில் வரும், போஸ்டரில் வரும். வாயில் வராது. "டீ குடிச்சிட்டு போங்கம்மா," என்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

"ஆறு மணிக்கு நைட் டியூட்டி," என்று எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "காலி வண்டிய ரெண்டு வாட்டி ஏரிக்கர எறக்கத்துல வுட்டு பாரு தம்பி. அப்பறமா ஜனங்கள ஏத்து."

அவர் சொன்னபடி செய்தேன். இருட்டுவதற்குள் இரண்டு தடவைக்கு ஐந்து தடவை விட்டுப் பார்த்தேன். எல்லாத் தடவையும் வண்டி நேராக நின்றது. ஒரு பக்கமும் இழுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒன்பது பேரும் ஏறினார்கள். சிட்டம்மாள் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாத்து ஓட்டுப்பா, நேத்து பூரா வண்டிய கயட்டி போட்டுக்கினு இருந்தியாமே," என்றார். மார்கழிப் பனி இன்னும் போகவில்லை. ஏரிக்கரை மேல் ஏறினோம். ஏரி நிறைந்து கிடந்தது. இறக்கத்தில் வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தது. மதகைத் தாண்டினால் இடது பக்கம் ஒரு மண்பாதை வந்து சேரும். அந்தப் பாதையிலிருந்து நாற்றுக்கட்டு ஏற்றின டிராக்டர் ஒன்று, ஹாரன் இல்லை, லைட் இல்லை, அப்படியே நடுரோட்டுக்கு வந்து நின்றது.

பிரேக்கில் காலை வைத்தேன். யோசிக்க நேரமில்லை. ஒரே மிதிதான் மிதித்தேன்.

டயர் கத்தியது. வண்டி நேராக, ஒரு பக்கமும் திரும்பாமல் போய் நின்றது. என் வண்டிக் கண்ணாடிக்கும் நாற்றுக்கட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பத்தடி பள்ளம். இன்னொரு மிதிக்கு அங்கே இடமே இல்லை.

இறங்கிப் பின்னால் ஓடினேன். ஒன்பது பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தராகச் சரிந்து கிடந்தார்கள். சோற்றுத் தூக்கு ஒன்று கவிழ்ந்து பழைய சோறு முழுக்க யார் மேலோ கொட்டியிருந்தது. சிட்டம்மாள்தான் முதலில் எழுந்தார்.

"ஏன்யா, எங்கள மனுசன்னு நெனச்சியா, நெல்லு மூட்டன்னு நெனச்சியா? இப்பிடியாய்யா பிரேக் போடுவ?"

"என் சோறு பூரா போச்சி! உன் கையில கட்ட மொளைக்க!"

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஒருத்தி முன்னால் எட்டி டிராக்டரைப் பார்த்தாள், பார்த்துவிட்டு டிராக்டர்காரனையும் சேர்த்துத் திட்டினாள். இளமதி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத்தான் நேற்றைய மூன்று மிதிக் கதை தெரியும். இடுப்பிலிருந்து போனை எடுத்து, நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"டியூட்டியில கீறேன் இளமதி, இன்னா?" என்றார் நர்சம்மா.

"நான்தான்மா. கலைச்செல்வன்." எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போனை அந்தப் பெண்கள் பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன். என் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். திருவிழாவில் மேளம் கேட்கிற மாதிரி அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் போனைக் காதில் வைத்தேன்.

"கேட்டுச்சாம்மா? ஒரே மிதியில நின்னுடுச்சி."

அந்தப் பக்கம் யாரோ ஒரு நோயாளி இருமுவது மட்டும் கேட்டது.

"ஒம்பது பேரும்தானே?" என்றார் நர்சம்மா.

"ஒம்பது பேரும்தாம்மா."